முறிந்தும் இணைந்தும்

ஆனைமலையிலும் முதுமலையிலும் அந்தி சாய்ந்த பிறகு காட்டுக்குள்ளிருந்து நாய்க்குரைப்பு ஒன்று வந்தால், குரைத்தது நாயாக இருக்க வேண்டியதில்லை, கேளையாடாக இருக்கும். சிறிய மான் அது. ஆணுக்குக் குட்டையான கொம்பும், உதட்டுக்கு வெளியே தெரியும் கோரைப்பல்லும் உண்டு. புலியோ சிறுத்தையோ நடமாடினால் காட்டுக்கே கேட்கும்படி குரைத்துக்கொண்டே இருக்கும். இந்தியக் கேளையாட்டின் செல்களை ஆராய்ந்த டோரிஸ் வுர்ஸ்டரும் கர்ட் பெனிர்ஷ்கேயும் 1970-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பெண் கேளையாட்டின் செல்லில் ஆறே ஆறு குரோமோசோம்கள். ஆணுக்கு ஏழு. பாலூட்டிகளில் இதற்கும் குறைவான எண்ணிக்கை இன்றுவரை எதிலும் காணப்படவில்லை.

இதன் நெருங்கிய உறவான ரீவ்ஸ் கேளையாடு சீனத்தில் வாழ்கிறது. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கு 46 குரோமோசோம்கள். மானினத்தின் பொது முன்னோருக்கு 70 இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். எழுபது எங்கே, ஆறு எங்கே! ஆனால் உள்ளே எழுதப்பட்டிருக்கும் செய்தி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. குரோமோசோம்கள் ஒன்றோடொன்று முனை சேர்ந்து ஒட்டிக்கொண்டே வந்து, கடைசியில் ஆறு நீண்ட தண்டுகளாகிவிட்டன. ஒட்டிய இடங்களில் பழைய முனைகளின் மிச்சம் இன்றும் தெரிகிறது. இத்தனை பெரிய மாற்றத்துக்குப் பின்னும் அந்த மான் ஓடுகிறது, குட்டி ஈனுகிறது, புலி வந்தால் குரைக்கிறது. குரோமோசோம்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த மானைத்தான். உயிர் எவ்வளவு பெரிய குலைவைத் தாங்கும்படி படைக்கப்பட்டிருக்கிறது என்று இதைவிட எளிதாகச் சொல்லும் சாட்சி எனக்குத் தெரியாது.

மனிதர்களாகிய நம்மிடமும் அத்தகைய தழும்பு ஒன்று இருக்கிறது. நமக்கு 46 குரோமோசோம்கள் என்பதே தாமதமாகத் தெரிந்த செய்தி. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக 48 என்றே பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 1955 டிசம்பரில் ஸ்வீடனின் லுண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ நுண்ணோக்கியின் அடியில் எண்ணிப் பார்த்து 46 என்று கண்டார். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகிய மூன்றுக்கும் 48. நம்மிடம் மட்டும் ஒரு ஜோடி குறைகிறதே, அது எங்கே போயிற்று? நம் இரண்டாம் குரோமோசோமுக்குள் இருக்கிறது. குரங்குகளில் தனித்தனியாக இருக்கும் இரண்டு குரோமோசோம்கள் நம் வம்சத்தில் ஒட்டி ஒன்றாகிவிட்டன. குரோமோசோமின் நுனிக்கு டெலோமியர் என்று பெயர், டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி என்ற டி.என்.ஏ. ஆறெழுத்து அங்கே திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். நுனியில் மட்டுமே இருக்கவேண்டிய அந்த எழுத்துகள் இரண்டாம் குரோமோசோமின் உடலுக்கு நடுவே, ஒன்றையொன்று எதிர்நோக்கியபடி நிற்பதை 1991-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படித்துக்காட்டினார்கள். சைபீரியக் குகையில் கிடைத்த விரல் எலும்பிலிருந்து படிக்கப்பட்ட, அழிந்துபோன டெனிசோவா மனிதரின் டி.என்.ஏ.விலும் இதே ஒட்டு இருக்கிறது. இந்தத் தழும்பு நம்மைவிடப் பழையது.

நுண்ணோக்கியால் இவ்வளவு தூரம் வரமுடிந்ததே பெரிது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. சாயமேற்றிய குரோமோசோமில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். அவற்றில் 50 லட்சம் எழுத்துகளுக்கும் குறைவான துண்டு காணாமல் போயிருந்தால், எவ்வளவு பழகிய கண்ணுக்கும் தட்டுப்படுவது அரிது. மனித ஜீனோம், அதாவது நம் டி.என்.ஏ. முழுவதும், ஏறக்குறைய 300 கோடி எழுத்து. 50 லட்சம் எழுத்துக்குள் பல பத்து மரபணுக்கள் அடங்கிவிடும். ஒரே ஒரு மரபணு போனாலும் ஒரு குழந்தையின் இதயம் கோணலாக உருவாகலாம். அந்த வெற்றிடத்தைக் காண வேறொரு கண் வேண்டியிருந்தது.

அந்தக் கண்தான் மைக்ரோஅரே. 1997-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கிலும், 1998-இல் கலிபோர்னியாவில் டேனியல் பிங்கல் குழுவிலும் இது உருப்பெற்றது. நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடித் தகடு எவ்வளவோ, அவ்வளவுதான் இதன் அளவும். அதன் மேல் ஆயிரக்கணக்கான நுண்ணிய புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் மனித ஜீனோமின் ஒரு குறிப்பிட்ட இடத்தைச் சேர்ந்த டி.என்.ஏ. ஒட்டப்பட்டிருக்கும். ஆரம்ப காலத்தில் அவை மனித ஜீனோம் திட்டத்துக்காக பாக்டீரியாக்களுக்குள் வளர்த்து வைத்த துண்டுகள். ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை லட்சம் எழுத்து நீளம். பின்னாளில் அறுபது எழுத்தே உள்ள செயற்கைத் துண்டுகளை லட்சக்கணக்கில் பதித்தார்கள். எந்தப் புள்ளி எந்தக் குரோமோசோமில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்பது முன்கூட்டியே தெரியும்.

இப்போது நோயுற்ற குழந்தையின் ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்துச் சிவப்பாக ஒளிரும் சாயம் ஏற்றுகிறார்கள். நலமாக உள்ள ஒருவரின் டி.என்.ஏ.வுக்குப் பச்சைச் சாயம். இரண்டையும் சம அளவில் கலந்து, சூடாக்கி, இரட்டை இழைகளைப் பிரித்துத் தகட்டின் மேல் விடுகிறார்கள். ஜீனோமில் பாதிக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் எழுத்துகள். அவை கண்ட கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளாதபடி, அதே வகை டி.என்.ஏ.வைச் சாயமில்லாமல் நிறையச் சேர்த்து முதலிலேயே அடைத்துவிடுவார்கள். பிறகு இதமான வெப்பத்தில் தகடு ஒரு நாளோ இரண்டு நாளோ கிடக்கும். கழுவிவிட்டு லேசர் ஒளியில் பார்த்தால் புள்ளிகள் ஒளிர்கின்றன. சிவப்பும் பச்சையும் சமமாக இருந்தால் அந்த இடத்தில் குழந்தைக்கும் வழக்கம்போல இரண்டு பிரதிகள். சிவப்பு பாதியாக மங்கினால் ஒரு பிரதி இல்லை. ஒன்றரை மடங்கானால் மூன்று பிரதிகள் இருக்கின்றன.

இதில் மனிதன் செய்தது எது, செய்யாதது எது என்று நினைத்துப் பார்க்கிறேன். தகடு மனிதன் செய்தது, சாயமும் லேசரும் அவன் செய்தவை. ஆனால் பிரிந்து மிதக்கும் ஒற்றை இழை, ஆயிரமாயிரம் புள்ளிகளுக்கு நடுவே தன் இணையைத் தானே தேடிச் சென்று ஒட்டுகிறதே, அதை எந்த ஆய்வகமும் கற்றுக்கொடுக்கவில்லை. ஏ-க்கு டி, ஜி-க்கு சி என்ற அந்த ஒரே ஈர்ப்பு விதி மிகப் பழைய உயிர்கள் தொட்டு இன்று பிறந்த குழந்தை வரை மாறாமல் வருகிறது. அந்தக் கருவி முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. விஞ்ஞானி அதற்கு ஓர் இடம் அமைத்துக்கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பைப் பூஜை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

பலன் விரைவில் கிடைத்தது. சார்ஜ் என்ற பிறவிக் குறைபாட்டுக் கூட்டத்தில் கண்ணின் திரை முழுமையாக மூடாது, இதயத்தில் குறை இருக்கும், மூக்கின் பின்வழி அடைபட்டிருக்கும், காது கேளாது. ஏறக்குறைய பத்தாயிரம் பிறப்புகளில் ஒன்று. காரணம் நெடுநாள் விளங்கவில்லை. 2004-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகர மரபியலாளர்கள் இத்தகைய நோயாளிகளின் டி.என்.ஏ.வை மைக்ரோஅரேயில் இட்டுப் பார்த்தார்கள். எட்டாம் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி மங்கியது. அங்கே இருந்த மரபணுக்களை ஒவ்வொன்றாகப் படித்தபோது, அப்படிப்பட்ட இழப்பு இல்லாத 17 நோயாளிகளில் 10 பேரிடம் சி.எச்.டி.7 என்ற ஒரே மரபணுவில் பிழை இருந்தது. தகட்டில் மங்கிய புள்ளிகள் ஒரு நோயின் வேரைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

ஆனால் என்னை உறங்கவிடாமல் செய்தது பதினேழாம் குரோமோசோமின் கதை. 2006-இல் நைமேகன், அமெரிக்காவின் சியாட்டில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் என்று மூன்று இடங்களில் மூன்று குழுக்கள் தனித்தனியே மைக்ரோஅரேயில் ஒரே இழப்பைக் கண்டன. பதினேழாம் குரோமோசோமில் சுமார் ஐந்து லட்சம் எழுத்து நீளத் துண்டு இல்லாத குழந்தைகள். உடல் துவண்டிருக்கும், பேச்சும் நடையும் தாமதமாகும், சிலருக்கு வலிப்பு வரும். இவர்களைப் பார்த்த மருத்துவர்கள் பலரும் ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார்கள்: எவரோடும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் இனிய சுபாவம்.

அத்தனை குழந்தைகளுக்கும் ஒரே இடத்தில் ஏன் முறிய வேண்டும்? ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஏட்டில் ஒரே மாதிரியான அடி இரண்டு இடங்களில் வருகிறது. முதல் அடியை எழுதிவிட்டுத் தலை நிமிர்கிறார். மீண்டும் ஏட்டைப் பார்க்கும்போது கண் இரண்டாவது அடியில் போய் நிற்கிறது. அங்கிருந்து தொடர்கிறார். இடையில் இருந்த பாட்டு முழுவதும் விடுபட்டுப் போகிறது, எழுதியவருக்கே தெரியாது. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் பக்கத்தில் பக்கமாகப் படுத்துத் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ஒரே மாதிரி நீண்ட எழுத்துகள் அருகருகே இரு இடங்களில் இருந்தால் இணை தவறிச் சேர்ந்துவிடுகிறது. நடுப்பகுதி ஒரு பக்கம் இல்லாமலும் மறுபக்கம் இரட்டித்தும் போகிறது. நாலாயிரம் பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் 22-ஆம் குரோமோசோமின் துண்டு இழப்பும் இந்த வழியில் வருவதுதான்.

பதினேழாம் குரோமோசோமில் இன்னொரு விந்தையும் சேர்கிறது. அந்தப் பகுதி மனிதரிடையே இரண்டு வடிவங்களில் உலவுகிறது. சுமார் ஒன்பது லட்சம் எழுத்துகள் ஒன்றில் நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் இருக்கின்றன. எச்1, எச்2 என்று அவற்றுக்குப் பெயர். இரண்டும் பிரிந்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் ஆகின்றன; மனித இனம் என்று நாம் சொல்லும் இனம் தோன்றுவதற்கும் வெகு முன்பே. எச்2 ஐரோப்பியரிடம் ஐந்தில் ஒரு பங்கு குரோமோசோம்களில் இருக்கிறது, ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஆசியாவிலும் அரிது. ஐஸ்லாந்தில் 2005-இல் வந்த ஆய்வு, எச்2 உள்ள பெண்களுக்குச் சற்றே அதிகக் குழந்தைகள் பிறந்ததைக் காட்டியது. அதாவது அது அங்கே வளம் தரும் வடிவம். அடுத்த ஆண்டே தெரிந்தது: துண்டை இழந்த குழந்தைகளை ஆராய்ந்தால், அந்த இழப்பு வந்த வழியில் உள்ள பெற்றோரிடம் எச்2 இருக்கிறது. ஏனென்றால் எச்2-வில் அந்த ஒரே மாதிரி எழுத்துகள் ஒரே திசையை நோக்கி நிற்கின்றன. வழுக்கும் இடம் அங்கேதான். மற்ற வாலில்லாக் குரங்குகளின் வம்சத்திலும் இதே பகுதி தனியாகப் புரண்டிருக்கிறது என்று பின்னால் தெரிந்தது.

பரிணாமம் என்றும் நோய் என்றும் நாம் இரண்டு அறைகளில் வைத்துப் பேசுகிறோம். பதினேழாம் குரோமோசோமில் அந்தச் சுவர் இல்லை. இனங்கள் புரண்டு புதிதான அதே இடத்தில்தான் ஒரு குழந்தையின் துண்டும் நழுவுகிறது. பல லட்சம் ஆண்டுகள் பின்னிருந்து பார்க்கிறவனுக்கு அது படைப்பு. தொட்டிலருகே நிற்கும் தாய்க்கு அது துயரம். படைத்தவனை வணங்குகிற நான் இந்த இரண்டையும் ஒன்றுக்காக மற்றொன்றைக் குறைத்துப் பேச மாட்டேன். அசையாத ஜீனோம் ஒன்று படைக்கப்பட்டிருந்தால் நோய் இராது. கேளையாடும் இராது, நாமும் இருந்திருக்க மாட்டோம்.

மைக்ரோஅரேக்கும் காணமுடியாதது உண்டு. எதுவும் குறையாமல், எதுவும் கூடாமல், இரண்டு குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளைச் சரிசமமாக மாற்றிக்கொண்டால் எல்லாப் புள்ளிகளும் இயல்பாகவே ஒளிரும். ஏறக்குறைய 500 பேரில் ஒருவரிடம் இப்படிப்பட்ட இடமாற்றம் இருக்கும். பெரும்பாலோர் அறியாமலே நலமாக வாழ்ந்து முடிக்கிறார்கள். சிலருக்கு, முறிந்த இடம் ஒரு மரபணுவின் நடுவில் அமைந்துவிடுகிறது. சிகாகோவின் ஜேனட் ரௌலி, குரோமோசோம் படங்களை வெட்டித் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அடுக்கிப் பார்த்தே, ஒருவகை ரத்தப் புற்றுநோயில் ஒன்பதும் இருபத்திரண்டும் துண்டு மாற்றிக்கொள்வதை 1972-இல் கண்டார்; 1973-இல் வெளியிட்டார். அந்த ஒட்டில் பிறக்கும் புரதத்தை அடக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001-இல் வந்தது. உயிர்க்கொல்லியாக இருந்த நோயைப் பலரும் மாத்திரையோடு வாழக்கூடிய நோயாக அது மாற்றியது.

இந்தச் சமமான மாற்றங்களின் முறிவிடத்தை மைக்ரோஅரேயிலேயே காண்பதற்கு கேம்பிரிட்ஜ் அருகே ஹிங்ஸ்டன் கிராமத்தில் உள்ள சாங்கர் நிறுவனத்தில் நைஜல் கார்ட்டர் குழு ஒரு வழி கண்டது. குரோமோசோம்களுக்கு இரண்டு சாயங்கள். ஒன்று ஏ, டி எழுத்துகளை நாடும், மற்றது ஜி, சி எழுத்துகளை. மெல்லிய நீரோட்டத்தில் அவை ஒவ்வொன்றாக லேசரைக் கடக்கும்போது ஒளிரும் விகிதத்தைக் கொண்டு தனித்தனியே பிரித்தெடுக்கலாம். இடம் மாறிய இரண்டு குரோமோசோம்களையும் இப்படிப் பிரித்து, ஒன்றுக்குச் சிவப்பும் ஒன்றுக்குப் பச்சையும் ஏற்றித் தகட்டில் விடுகிறார்கள். குரோமோசோம் வழியே புள்ளி புள்ளியாகப் பார்த்துக்கொண்டு போனால் சிவப்பாகவே வரும், வரும், சட்டென்று பச்சையாகும். நிறம் மாறிய இடம்தான் முறிந்த இடம்.

அதே முறையில் அவர்கள் ஒரு குரங்கின் குரோமோசோமையும் மனிதத் தகட்டின் மேல் விட்டார்கள். அது கிப்பன். மரத்துக்கு மரம் கைகளாலேயே பறந்து, விடியலில் ஜோடியாகப் பாடும் இனம். வெண்கன்ன கிப்பனின் 14-ஆம் குரோமோசோமைத் தகட்டில் இட்டபோது, மனிதரின் இரண்டாம் குரோமோசோமைச் சேர்ந்த புள்ளிகளும் பதினேழாம் குரோமோசோமைச் சேர்ந்த புள்ளிகளும் பகுதி பகுதியாக ஒளிர்ந்தன. நம் சுவடியின் இரு வேறு ஏடுகள் அங்கே ஒன்றாகக் கலந்து கிடந்தன.

கிப்பன்களைப் போல் குரோமோசோம் குலைந்த குரங்கினம் அரிது. நான்கு பேரினங்கள், சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் குறுகிய காலத்துக்குள் பிரிந்தவை. ஒன்றுக்கு 38, ஒன்றுக்கு 44, ஒன்றுக்கு 50, ஒன்றுக்கு 52. அந்த 38 உள்ளது ஹூலக். அசாமில் ஜோர்ஹாட் அருகே ஹோலோங்காபார் சரணாலயத்தில் இன்றும் அதன் பாட்டைக் கேட்கலாம். 2014-இல் வெளியான கிப்பன் ஜீனோம், குரோமோசோம்களைச் சரியாகப் பங்கிடும் மரபணுக்களுக்குள்ளேயே லாவா என்ற தாவும் டி.என்.ஏ. துண்டு புகுந்திருப்பதைக் காட்டியது. குலைவுக்குக் காரணம் அதுவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் எண்ணம். குலைவு குரங்குகளோடு நிற்பதில்லை. மடெய்ரா தீவில், பரிணாமக் கணக்கில் மிகக் குறுகிய காலத்துக்குள், மலைப்பள்ளத்தாக்கு தோறும் சுண்டெலிகளின் குரோமோசோம்கள் ஒட்டி 40-இலிருந்து 22 வரை குறைந்து, ஆறு தனி வகைகள் ஆகிவிட்டன. படைப்பு என்றோ முடிந்துபோன வேலை என்று எண்ணுகிறவர்கள் அந்தத் தீவின் எலிகளைப் பார்க்க வேண்டும்.

மனிதரில் நலமானவர்களிடமும் துண்டுகள் கூடியும் குறைந்தும் இருக்கின்றன என்பதை 2004-இல் இரண்டு குழுக்கள் இதே தகட்டில் கண்டபோது பலர் நம்பத் தயங்கினார்கள். எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் மரபணு சிம்பன்சிக்கு இரண்டு பிரதிகள். மனிதரிலோ சிலருக்கு இரண்டு, சிலருக்குப் பத்துக்கும் மேல். தானியமும் கிழங்கும் உண்டு வாழ்ந்த மக்களிடம் சராசரி கூடுதலாக இருப்பதை 2007-இல் காட்டினார்கள். சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கிறதே, அந்த இனிப்பும் ஒரு காலத்தில் இணை தவறிச் சேர்ந்த குரோமோசோமின் கொடை.

2010-இல், வளர்ச்சி தாமதமான குழந்தைக்குக் காரணம் தெரியாதபோது முதலில் செய்யவேண்டிய சோதனை மைக்ரோஅரே என்று மரபியல் மருத்துவர்கள் பரிந்துரைத்தார்கள். நுண்ணோக்கியில் நூற்றில் மூன்று பேருக்கு விடை கிடைத்த இடத்தில் இதில் பதினைந்திலிருந்து இருபது பேருக்குக் கிடைக்கிறது. விடை எப்போதும் மருந்தாக வருவதில்லை. ஆனால் நம் வீடுகளில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால் முதல் கேள்வி தாயிடம்தான் போகும். கிரகணத்தன்று வெளியே வந்தாயா, எதைச் சாப்பிட்டாய், மசக்கையில் எந்த மருந்தை விழுங்கினாய் என்று. அவளும் பல வருஷம் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவளுக்குச் சொல்ல வேண்டியது இது. கருமுட்டையில் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது பெண் கருவுற்ற பிறகு நடப்பதில்லை. மணமான பிறகும் இல்லை. அவள் தன் தாயின் வயிற்றில் சிசுவாக இருந்தபோதே, அவளுடைய சினைப்பைக்குள் அது நடந்து முடிந்துவிடுகிறது. இழப்பு தாய்வழி முட்டையில் நேர்ந்திருந்தால், அது நேர்ந்த காலத்தில் அவள் இன்னும் பிறக்கவே இல்லை. சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மரபியல் ஆலோசகர் இதைச் சொல்லலாம். பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் பார்த்து, அவர்களில் ஒருவரிடம் சமமான இடமாற்றமோ புரட்டலோ ஒளிந்திருக்கிறதா, அடுத்த குழந்தைக்கு ஆபத்து எவ்வளவு என்றும் சொல்லலாம். பெரும்பாலான இத்தகைய இழப்புகளில் அந்த ஆபத்து மிகச் சிறியது.